சாக்கடைத் தண்ணியும் நம்ம கழனியும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஊர்க் கழிவுத்தண்ணிய சுத்தம் பண்ணி வயலுக்கு விடுறத பத்தி ரெண்டே ரெண்டு பாரா எழுதினேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல, திட்டியும் வந்திருக்கு. பாதி பேரு பேர் போடாதீங்கன்னு கேட்டிருக்காங்க (அந்தத் தண்ணில வெள்ளாமை வைக்கிறேன்னு தெரிஞ்சா சந்தையில வாங்க மாட்டாங்கன்னு பயம், நியாயந்தான்), அதனால எல்லாருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கேன். புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை, நான் மண்ணும் தண்ணியும் டெஸ்ட் பண்ற லேப்ல இருபது வருஷத்துக்கு மேல குப்பை கொட்டினவ, இப்போ ரிட்டயர்டு. டாக்டர் கிடையாது, அதனால வயித்துவலி கேள்வியெல்லாம் அனுப்பாதீங்க.

கேள்வி: அக்கா, எங்க நகராட்சி சுத்திகரிப்பு நிலையம் நம்ம நிலத்துலேருந்து ஒண்ணரை கிலோமீட்டர். அங்க வெளிய விடுற தண்ணி ஓடையில வருஷம் பூரா ஓடுது. பாக்க கண்ணாடி மாதிரி இருக்கு, வாடை கூட இல்ல. நம்ம கெணறு சித்திரையில வத்திடுது. மோட்டார் வச்சு நெல்லுக்கும் கத்தரிக்கும் இறைக்கலாமா? (விழுப்புரம் பக்கம்)

பதில்: கண்ணாடி மாதிரி இருக்குன்னு எழுதியிருக்கீங்க பாருங்க தம்பி, அங்கதான் எல்லாரும் ஏமாறுறது. அந்த நிலையத்துக்குள்ள என்ன நடக்குதுன்னு முதல்ல சொல்றேன். வாசல்ல ஒரு கம்பி ஜல்லடை, துணி, ஷாம்பு கவரு, முடி எல்லாம் அதுல மாட்டிக்கும். அப்புறம் மண்ணு படியிற தொட்டி. அதுக்கப்புறம்தான் விஷயமே, காத்து ஊதுற தொட்டி, அதுல கோடிக்கணக்குல பாக்டீரியா வளத்து வச்சிருப்பாங்க, அது நம்ம வீட்டுலேருந்து போன சோத்துக் கஞ்சி, மலம், சோப்பு எல்லாத்தையும் தின்னு கொழுத்து கசடா கீழ படிஞ்சிடும், மேல நிக்கிற தெளிஞ்ச தண்ணில குளோரின் போட்டு வெளிய விடுவாங்க. ஒழுங்கா நடந்தா வாடையும் போகும் கலரும் போகும், கிருமியும் பெரும்பாலும் குறையும். ஆனா உப்பு? பாக்டீரியா உப்பு திங்காது. சாம்பார்ல உப்பு கூடிப்போச்சுன்னா வடிகட்டியா எடுக்க முடியும்? அதே கதைதான். வீட்டுக்கு வந்த தண்ணிய விட சாக்கடையா வெளிய போற தண்ணில லிட்டருக்கு 150லேருந்து 380 மில்லிகிராம் வரைக்கும் உப்பு கூடுதலா இருக்கும்ங்கிறது பாடப்புத்தகக் கணக்கு, அதுவும் உங்க ஊர்ல குழாய்ல வர்றதே உப்பு போர் தண்ணின்னா அதுக்கு மேல இது.

இதை கிலோவுல சொன்னாத்தான் உறைக்கும். தண்ணியோட ஈ.சி. (தண்ணி எவ்ளோ மின்சாரம் கடத்துதுன்னு பாத்து உப்பு எவ்ளோன்னு சொல்ற எண், டெசி சைமன்ஸ் கணக்குல) 1.5 வந்திருக்குன்னு வைங்க, ரொம்ப மோசமான தண்ணி இல்ல அது, நடுத்தரம். ஒரு ஏக்கர்ல ஒரு இன்ச் உயரத்துக்கு நிறுத்தினா ஒரு லட்சம் லிட்டருக்கு கொஞ்சம் மேல, அதுல கரைஞ்சிருக்கிற உப்பு கிட்டத்தட்ட 100 கிலோ. ரெண்டு மூட்டை உப்பை தோள்ல தூக்கிட்டு வந்து வயல்ல கொட்டுற மாதிரி, ஒவ்வொரு இன்ச்சுக்கும். மழைக்காலத்துல நல்ல மழை பேஞ்சு வடிகாலும் இருந்தா அது கீழ கழுவிட்டுப் போயிடும், பயப்பட வேணாம். வடியாத களிமண்ணா இருந்தா மூணு நாலு வருஷத்துல வரப்போரம் வெள்ளையா பூக்கும், அப்போ வந்து என்னக்கா பண்றதுன்னு கேட்டா ஜிப்சம் போடு, தண்ணிய வடி, பசுந்தாள் மடக்கி உழுன்னு சொல்றதைத் தவிர வேற வழி இருக்காது.

ஈ.சி. 0.7க்கு கீழன்னா யோசிக்காம பாய்ச்சுங்க. 0.7லேருந்து 3 வரைக்கும் பயிர் பாத்து, மண் பாத்து. 3க்கு மேலன்னா விட்டுடுங்க. நெல்லு ஓரளவு தாங்கும். கத்தரி நீங்க நினைக்கிற மாதிரி முரட்டுப் பயிர் இல்ல, உப்புக்கு ரொம்ப சுருங்கும், வெங்காயமும் பீன்ஸும் அப்படியே. பருத்தி, சோளம் ரெண்டும் நல்லா தாங்கும், தீவனச் சோளம் போட்டு மாட்டுக்கு வச்சுக்கலாமே. கெணத்துத் தண்ணி இருக்கிற மாசம் அதையும் இதையும் மாத்தி மாத்தி விடுங்க, நாத்து சின்னதா இருக்கறப்போ நல்ல தண்ணி, வேர் பிடிச்சப்புறம் இது.

இனிமே நல்ல சேதி. இந்தத் தண்ணில சும்மா தழைச்சத்து வருது. லிட்டருக்கு 20 மில்லிகிராம் நைட்ரஜன் இருந்தா ஏக்கருக்கு பத்து இன்ச் தண்ணி பாய்ஞ்சு முடியிறப்போ ஒரு மூட்டை யூரியா, 45 கிலோ மூட்டை, போட்டதுக்கு சமம். இதைக் கணக்குல எடுக்காம வழக்கமா போடுற யூரியாவையும் தூக்கிப் போட்டுட்டு பயிர் கரும்பச்சையா நிக்குதுன்னு சந்தோஷப்படுறவங்க நிறைய பேர், கடைசில புகையான் பூச்சி வந்து உக்காரும், ஒரு காத்தடிச்சா மொத்தமும் சாயும், அறுத்துப் பாத்தா பாதி பதரு. குழாய மூடினா தழைச்சத்து வர்றது நின்னுடும், ஆனா பயிருக்கு தண்ணி வேணுமே, அதுதான் சிக்கல். அதனால அடியுரத்துலயே குறைச்சுடுங்க, கதிர் வர்ற நேரத்துல கெணத்துத் தண்ணி மிச்சம் வச்சிருங்க.

டெஸ்ட்டுக்கு எடுக்கிறப்போ ஒரு தடவை எடுத்தா போதாது. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, கோடையில ஒண்ணு, மழை முடிஞ்சு ஒண்ணு. பாட்டில அதே தண்ணில மூணு தடவை அலசிட்டு நிரப்புங்க. எங்க லேப்புக்கு ஒருத்தர் குவார்ட்டர் பாட்டில்ல கொண்டு வந்தாரு, மூடி தொறந்ததும் ரூமே மணக்குது, ரிசல்ட் வேற தினுசா வந்துச்சு, அவரு எங்ககிட்ட சண்டைக்கு நின்னாரு. சோடியம், கார்பனேட்டு, போரான் மூணையும் சேத்து கேளுங்க, வெறும் டிடிஎஸ் மீட்டர (மொத்த உப்பை மட்டும் காட்டுற கருவி) நனைச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க. அப்புறம் ஓடையில மோட்டார் வைக்கிறதுக்கு முன்னாடி நகராட்சிக்கு ஒரு மனு குடுத்து கையெழுத்து வாங்கிடுங்க, நாளைக்கு அந்தத் தண்ணிய ஒரு கம்பெனிக்கு குடுத்துட்டா உங்க நெல்லு அந்தரத்துல நிக்கும். சென்னையில கொடுங்கையூர்லயும் கோயம்பேட்லயும் தலா 45 எம்.எல்.டி., அதாவது ஒரு நாளைக்கு நாலரைக் கோடி லிட்டர், ஆர்.ஓ. வரைக்கும் சுத்தம் பண்ணி ஃபேக்டரிகளுக்குத்தான் விக்கிறாங்க. நம்ம ஊர்ல இந்தத் தண்ணிக்கு கிராக்கி வந்துடுச்சு.

கேள்வி: கடையில வாங்குற கீரை சாக்கடைத் தண்ணில வெளஞ்சதான்னு பாத்து கண்டுபிடிக்க முடியுமா? (மதுரை, இல்லத்தரசி)

பதில்: முடியாதும்மா. நல்ல தளதளன்னு இருந்தா சாக்கடைன்னு சிலர் சொல்லுவாங்க, நல்ல எரு போட்டாலும் தளதளன்னுதான் இருக்கும். கீரைய சமைச்சுத்தான சாப்பிடுறோம், கொதிச்சா கிருமி விஷயத்துல கவலை இல்ல, பச்சைத் தண்ணில அலசுறதுக்கும் வேக வைக்கிறதுக்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். நான் பயப்படுறது கொத்தமல்லி, புதினா, வெள்ளரி, கேரட்டுக்கு. சட்னி, ரைத்தான்னு பச்சையா உள்ள போறது அதுதான். ரெண்டு மூணு தண்ணில ஓட விட்டு கழுவுங்க, வெள்ளரி கேரட்ட தோல் சீவிடுங்க.

கேள்வி: கெலவரப்பள்ளி அணையில பனி மலை மாதிரி நுரை வருது, டிவில எல்லாம் காட்டுறாங்க. அந்தத் தண்ணிதான் எங்களுக்கு. அதே பெங்களூரு தண்ணிய கோலாருக்கு குழாயில கொண்டு போய் ஏரிய நிரப்புறாங்களாம், அங்க ஆஹா ஓஹோன்னு பேசுறாங்க. எங்களுக்கு மட்டும் நுரையா மேடம்? தக்காளி வைக்கலாமா வேணாமா? (ஓசூர்)

பதில்: உங்க கோவம் புரியுது சார், நானும் ஒரு தடவை அந்த ஷட்டர் பக்கம் நின்னு பாத்திருக்கேன், காத்துல நுரை பறந்து வந்து புடவையில ஒட்டுச்சு, பஸ் ஏறுற வரைக்கும் ஒரு மாதிரி வாடை விடல. உங்க அணைக்கு வர்ற தென்பெண்ணை ஆறு நந்தி மலையில பொறந்து பெங்களூரு ஓரமா வருது, வர்ற வழியில பெல்லந்தூர், வர்த்தூர் ஏரி வழியா நகரத்துக் கழிவு அதுல விழுது. பெல்லந்தூர் ஏரின்னா ஞாபகம் இருக்கா, 2017லயும் 2018லயும் தண்ணி மேல தீப்பிடிச்சு எரிஞ்சுதே, அதே ஏரிதான். சுத்திகரிப்புத் தொட்டியில நல்லா காத்து ஊதினா துணி சோப்புல இருக்கிற நுரைச் சரக்கு பெரும்பாலும் அங்கேயே சிதைஞ்சிடும். ஷட்டர்ல விழுறப்போ இப்படி பொங்குதுன்னா நடுவுல எங்கயோ சுத்தம் பண்ணாத தண்ணி கலந்து வருதுன்னு அர்த்தம், மழைக்கு அப்புறம் ஜாஸ்தியா வர்றதுக்குக் காரணம் அடியில கிடந்த சேறு கலங்கி வர்றது.

கோலார் கதை வேற. கோரமங்கலா செல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம்னு பேரு, கே.சி. வேலின்னு சொல்லுவாங்க, நாளைக்கு 440 எம்.எல்.டி., அதாவது 44 கோடி லிட்டர், நகரத்துல ரெண்டாம் கட்டம் வரைக்கும் (பாக்டீரியா தொட்டி வரைக்கும்) சுத்தம் பண்ணி பம்ப் பண்ணி கோலார், சிக்கபள்ளாபூர் பக்கத்து ஏரிகளுக்கு விடுறாங்க. 2018 ஜூன்ல முதல் ஏரி லட்சுமிசாகரா. அடுத்த மாசமே அங்கயும் நுரை வந்துச்சு, ஆமா அங்கயும்தான், கேஸ் ஐகோர்ட் போய் நின்னு, அப்புறம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் நின்னு, திரும்ப ஓடுச்சு. ஆனா முக்கியமான ஒண்ணை நம்ம ஆளுங்க விட்டுடுறாங்க, அந்த ஏரியிலேருந்து நேரா மோட்டார் வச்சு இறைக்கக் கூடாதுன்னு அங்க கட்டுப்பாடு. தண்ணி ஏரியில தேங்கி, மண்ணுல இறங்கி, போர்ல வர்றதைத்தான் விவசாயி எடுக்கணும். மண்ணே கடைசி ஃபில்டர். வத்திப்போன போர்ல தண்ணி வந்த சந்தோஷம் அங்க நிஜம், ஆயிரம் அடி தோண்டியும் புகை மட்டும் வந்த ஊர் அது. அதுக்கு மேல மிச்சத்தையும் எடுக்கிற மூணாம் கட்டமும் சுத்தம் பண்ணிக் குடுங்கன்னு அங்க போராடுறவங்க கேக்குறதும் நியாயம். ஏன்னா நைட்ரேட்டு மண்ணுல நிக்காது, தண்ணியோட சேந்து போருக்கே போயிடும், குடிக்கிற தண்ணில அது லிட்டருக்கு 45 மில்லிகிராம தாண்டக் கூடாது. ஏரிக்கரையில குடிதண்ணி போர் வச்சிருக்கிறவங்க வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது பாக்கணும்.

உங்க தக்காளிக்கு வர்றேன். வைக்கலாம், ஆனா வாய்க்கா பாசனம் வேணாம். குச்சி ஊணி கயிறு கட்டி மேல ஏத்துங்க, தண்ணி வேர்ல மட்டும் சொட்டட்டும், காய் மண்ணுலயும் படக் கூடாது தண்ணியும் படக் கூடாது. பறிக்கிறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி தண்ணிய நிறுத்துங்க. உலக சுகாதார நிறுவனம் 2006ல போட்ட கணக்குல, வெயில் காத்துன்னு பாத்து, கடைசித் தண்ணிக்கு அப்புறம் ஒரு நாளைக்கு செடி மேல இருக்கிற கிருமி மூணுல ஒரு பங்கு ஆகுறதுலேருந்து நூத்துல ஒரு பங்கு ஆகுற வரைக்கும் குறையும். நம்ம ஊர் வெயிலுக்கு நல்லாவே குறையும். ஒரே அடியில சுத்தம் பண்ண முடியலன்னா இப்படி சின்னச் சின்னதா நாலு தடை போடுறதுதான் வழி. இதெல்லாம் கிருமிக்குத்தான். நகரத்துக் கழிவுல ஒர்க்‌ஷாப்பு, பட்டறைன்னு எது எது கலக்குதோ, அந்த உலோகமெல்லாம் வெயில்ல சாகாது, அதுக்கு மேல உள்ளவங்களைத்தான் கேக்கணும், நீங்க கேட்டுக்கிட்டே இருங்க.

கேள்வி: இந்தத் தண்ணிக்கு ட்ரிப் (சொட்டுநீர்) போட்டா வாரத்துக்கு ஒரு தடவை அடைச்சுக்குது. (அதே ஓசூர், வேற ஆள்)

பதில்: அடைக்கும். முதல்ல மணல் ஃபில்டர், அடுத்தது டிஸ்க் ஃபில்டர், ரெண்டும் வேணும், ஒண்ணு போதாது. லேட்டரல் (செடி வரிசையோரமா ஓடுற சின்னக் குழாய்) கடைசி முனைய வாரத்துக்கு ஒரு தடவை தொறந்து விட்டு பாருங்க, கருப்பா கொழகொழன்னு வருமே, அந்தப் பாசிதான் எமனு. தெளிஞ்சு வர்ற வரைக்கும் மூடாதீங்க.

கேள்வி: எங்க அப்பார்ட்மெண்ட்ல எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்தம் பண்ற பிளான்ட்) தண்ணிய கார்டனுக்கு விடுறாங்க. செம்பருத்தி, அரளி எல்லாம் இலை ஓரம் தீஞ்ச மாதிரி கருகுது. அசோசியேஷன்ல கேட்டா உரம் பத்தலன்னு சொல்றாங்க. மொட்டை மாடியில கீரை போடவும் பிளான் இருக்கு. (மேடவாக்கம்)

பதில்: தழைச்சத்து பத்தலன்னா இலை மஞ்சளாகும், ஓரம் மட்டும் கருகாது. இது பெரும்பாலும் உப்புதான். இதே மாதிரி ஒரு அப்பார்ட்மெண்ட்டுக்கு (எதுன்னு கேக்காதீங்க) சொந்தக்காரங்க கூப்பிட்டு நான் போயிருக்கேன். பேஸ்மெண்ட்ல எஸ்.டி.பி., படி இறங்குறப்பவே அழுகின முட்டை வாடை. ஆபரேட்டர் பையன் நல்ல பையன், "ஆன்ட்டி, ராத்திரி காத்து ஊதுற புளோயர ஆஃப் பண்ண சொல்லிட்டாங்க, கரண்ட் பில்லு" அப்படின்னான். காத்து இல்லாம பாக்டீரியா செத்து தொட்டி கருப்பாயிடுச்சு. நல்லா ஓடுற தொட்டி பிரவுன் கலர்ல இருக்கும், மழை பேஞ்ச மண்ணு வாசனை வரும். ஒரு லிட்டர் தண்ணி பாட்டில கழுத்த வெட்டிட்டு காத்து ஊதுற தொட்டியிலேருந்து மொண்டு வச்சு அரை மணி நேரம் பாருங்க, கசடு கீழ ஒரு கால் பாட்டிலுக்கு படிஞ்சு மேல தெளிவா நின்னா நல்லா ஓடுதுன்னு அர்த்தம், படியாம கலங்கியே இருந்தா இல்ல. இந்த டெஸ்ட்டுக்கு காசு வேணாம், கமிட்டி மீட்டிங்ல டேபிள் மேலேயே வச்சுக் காட்டலாம், நான் அதைத்தான் பண்ணினேன், ரெண்டு பேர் எழுந்து போயிட்டாங்க.

ஆனா அந்த இலை கருகினதுக்கு காரணம் புளோயர் இல்ல. மாடியில வாட்டர் சாஃப்ட்னர் வச்சிருந்தாங்க, கடினத் தண்ணிய மென்தண்ணியா மாத்துற மெஷின். அதைக் கழுவ வாரா வாரம் மூட்டை உப்பு கரைச்சு ஊத்துறாங்க, அந்த உப்புத்தண்ணி நேரா எஸ்.டி.பி.க்கு, அங்கேருந்து நேரா செம்பருத்திக்கு. கூடவே வீடு வீடா ஆர்.ஓ.வுல கழிச்சு விடுற தண்ணி. பாவம் செடி என்ன பண்ணும். அந்த சாஃப்ட்னர் கழுவுற பைப்ப மட்டும் தனியா பிரிச்சு விட்டாங்க, மண்ணுல ஜிப்சம் போட்டு மழைக்கு விட்டுட்டாங்க, ஐப்பசி மழைக்கு அப்புறம் புதுசா வந்த துளிர் நல்லா இருந்துச்சு. உங்க இடத்துலயும் முதல்ல சாஃப்ட்னர் இருக்கான்னு பாருங்க. மாடி கீரை வேணாம், அந்தத் தண்ணிய டாய்லெட் ஃபிளஷுக்கும் மரத்துக்கும் வச்சுக்கோங்க, கீரைக்கு அரிசி கழுவின தண்ணி போதும். ஸ்ப்ரிங்ளர்ல தெளிக்கிறதா இருந்தா அதையும் நிறுத்துங்க, குழந்தைங்க விளையாடுற இடத்துல சாரல் அடிக்கக் கூடாது.

கேள்வி: எங்க வீட்டுல குளிக்கிற தண்ணி, பாத்திரம் கழுவுற தண்ணி ரெண்டும் வாழைக்குத்தான் போகுது, தாத்தா காலத்துலேருந்து அப்படித்தான். இப்போ துணி தண்ணியையும் சேத்து முருங்கைக்கும் விட்டோம், முருங்கை செத்துப் போச்சு. (சீர்காழி)

பதில்: தாத்தா காலத்துல சீயக்காயும் சாம்பலும்தான, இப்போ மெஷினுக்கு பவுடர். பவுடர்ல வாஷிங் சோடா இருக்கு, அது மண்ணை இறுக்கிடும், தண்ணி இறங்காம மேலயே நிக்கும். முருங்கைக்கு கால்ல தண்ணி நின்னா ஆகாது, வேரு அழுகிடும், ரெண்டும் சேந்து முடிச்சிடுச்சு. வாழை, சேம்பு, கல்வாழை மூணும் ஈரத்துல கொண்டாட்டமா வளரும், அதுங்களுக்கே விடுங்க. குளியல் ரூம் வெளிய இடுப்பளவு குழி, அடியில கருங்கல்லு, மேல ஜல்லி, அதுக்கு மேல மணலு, ஓரத்துல கல்வாழை. சமையல்கட்டு தண்ணிக்கு ஒரு பழைய வேட்டித் துணி கட்டிடுங்க, சோத்துப் பருக்கையும் எண்ணெயும் அதுல நிக்கட்டும். தொட்டியில பிடிச்சு வைக்காதீங்க, ஒரு நாள் தாண்டினா நாறும், கொசு வேற. துணி முதல் தண்ணிய, அந்த நுரை தண்ணிய, வேற பக்கம் விட்டுட்டு ரெண்டாவது மூணாவது அலசுற தண்ணிய மட்டும் வாழைக்கு. பச்சைக்குழந்தை துணி அலசுற தண்ணி இதுல சேர வேணாம்.

கேள்வி: இஸ்ரேல்ல கழிவுத்தண்ணில 90 சதவீதம் விவசாயத்துக்கு போகுதாம். நம்மாளுங்களால ஏன் முடியல? (திருச்சி, பொறியியல் மாணவர்)

பதில்: 90ஐ ஒட்டித்தான், அது உண்மை. டெல் அவிவ் பக்கத்துல ஷாஃப்தான்னு ஒரு பெரிய நிலையம், அங்க சுத்தம் பண்ணின தண்ணிய மணல்ல இறக்கி, கீழ கொஞ்ச காலம் விட்டு, திரும்ப எடுத்து தெற்க நெகேவ் பாலைவனத்துக்கு குழாயில அனுப்புறாங்க. குழாய் ஊதா கலர்ல இருக்கும், குடிக்கிற தண்ணியோட மாறிடக் கூடாதுன்னு. சோப்பு பவுடர்ல போரான் இவ்ளோதான் இருக்கலாம்னு சட்டமே போட்டிருக்காங்க, ஏன்னா அது கடைசில எலுமிச்சை, ஆரஞ்சு மரத்துக்குத்தான் போய் சேரும்னு அவங்களுக்கு தெரியும். அப்படி இருந்தும் களிமண் தோட்டங்கள்ல வருஷக்கணக்கா இந்தத் தண்ணி விட்டு அவகாடோ மரங்க சோர்ந்து போன கதையும் அங்க இருக்கு, அதை யாரும் ஃபார்வர்டு பண்றதில்ல.

முடியலன்னு ஏன் சொல்றீங்க தம்பி, நம்ம கொல்கத்தாவுக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க. ஊருக்கு கிழக்கால 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலம், நகரத்துச் சாக்கடைய ஆழம் கம்மியான குளங்கள்ல விட்டு வெயிலும் பாசியுமே சுத்தம் பண்ணுது, பேரி-ன்னு சொல்லுவாங்க அந்தக் குளத்தை, அதுல மீன் வளக்குறாங்க, பக்கத்துல தாப்பாங்கிற இடத்துல காய்கறி. மெஷினு இல்ல, கரண்ட் பில்லு இல்ல. 2002ல ராம்சர் பட்டியல்ல (உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலங்களோட பட்டியல்) சேத்தாங்க. இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் துருபஜோதி கோஷ், கவர்மெண்ட் இன்ஜினியர். அவருக்கு முன்னாடியே அங்கத்து மீனவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுதான் இருந்துச்சு, அவரே அப்படித்தான் சொல்லியிருக்காரு.

கேள்வி: சாக்கடைக்கு வக்காலத்து வாங்குறீங்களே, நொய்யல் மறந்து போச்சா? ஒரத்துப்பாளையம் அணை எங்க ஊருக்கு பக்கம். எங்க அப்பா தென்னை அத்தனையும் போச்சு. (சென்னிமலை)

பதில்: மறக்கல சார். பாசனத்துக்குன்னு கட்டின அணை, கடைசில சாயக்கழிவ தேக்கி வைக்கிற தொட்டி ஆயிடுச்சு, தண்ணிய தேக்காதீங்கன்னு விவசாயியே கேக்க வேண்டிய நிலைமை வேற எங்கயும் வந்திருக்குமான்னு தெரியல. 2011 ஜனவரியில ஐகோர்ட் சொல்லித்தான் திருப்பூர் சாயப்பட்டறைங்கள மூடினாங்க. அப்பா தென்னைக்கு என்ன சொல்றது. நான் எழுதினது வீட்டுக் கழிவ பத்தி, சாயக்கழிவ பத்தி இல்லன்னு ஒரு வரி அப்பவே எழுதியிருக்கணும், எழுதல, என் தப்பு. வீட்டு சாக்கடைங்கிறது சோறும் சோப்பும் மலமும், பாக்டீரியாவுக்கு அது சாப்பாடு. சாயப்பட்டறை தண்ணிங்கிறது மொத்தமும் உப்பும் கெமிக்கலும், அதைத் திங்க எந்தப் பாக்டீரியாவும் வராது. ரெண்டும் ஒரே குழாயில கலந்துச்சுன்னா எந்த நிலையமும் அதை வயலுக்கு லாயக்கா ஆக்க முடியாது. அதனால யாராவது இந்தத் தண்ணிய உங்களுக்கு தர்றேன்னு வந்தா முதல் கேள்வியா குழாய்க்கு மேல் முனையில யாரு இருக்காங்கன்னு கேளுங்க, டெஸ்ட் ரிப்போர்ட் அப்புறம்.

கேள்வி: அந்தத் தண்ணில வெளஞ்ச மல்லிப்பூவ சாமிக்கு வைக்கலாமான்னு எங்க மாமியார் கேக்குறாங்க. (திண்டுக்கல்)

பதில்: மதுரை அவனியாபுரம் கழிவுநீர்ப் பண்ணையில புல்லு வளத்து அதைத் தின்ன மாட்டுப் பாலு எத்தனை அபிஷேகத்துக்கு போயிருக்கும்னு மாமியாரக் கேளுங்க, ஆனா சிரிச்சுக்கிட்டே கேளுங்க. எனக்கு கவலை பூ பறிக்கிற பொண்ணுங்களுக்குத்தான். விடியக்காலைல ஈர வயல்ல வெறுங்கால்ல நிக்கிறாங்க, கொக்கிப்புழு கால் தோல் வழியாவே உள்ள போயிடும், ரத்தசோகையில கொண்டு போய் விடும். அவங்களுக்கு பூட்ஸ் வாங்கிக் குடுங்க, வீட்டுக்கு போறதுக்கு முன்னாடி கைகால் கழுவ நல்ல தண்ணியும் சோப்பும் வைங்க, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பூச்சி மாத்திரை குடுக்கச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

கடைசியா ஒரு திருத்தம்: கும்பகோணத்துலேருந்து ஒரு ரிட்டயர்டு ஹெல்த் இன்ஸ்பெக்டர் எழுதியிருக்காரு, "போன இதழ்ல, குளோரின் போட்டா கிருமியும் பூச்சி முட்டையும் செத்துடும்னு போட்டிருக்கீங்க, பாதி தப்பு" அப்படின்னு. அவரு சொல்றதுதான் சரி. வயித்துல வர்ற நாக்குப்பூச்சியோட முட்டைக்கு ஓடு கெட்டி, குளோரின் அதை ஒண்ணும் பண்ணாது, மண்ணுல மாசக்கணக்குல, சில சமயம் வருஷக்கணக்குல கூட உயிரோட கிடக்கும். ஆனா அது கனம், அதனால தண்ணிய அசையாம ஒரு குளத்துல எட்டு பத்து நாள் நிறுத்தினா கீழ படிஞ்சிடும், மேல் தண்ணிய எடுத்துக்கலாம். லிட்டருக்கு ஒரு முட்டைக்கு மேல இருக்கக் கூடாதுன்னு கணக்கு. நிலம் இருக்கிறவங்க சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணிய நேரா பாய்ச்சாம ஒரு பண்ணைக் குட்டையில நிறுத்தி எடுத்தா இந்த ஒரு விஷயம் முடிஞ்சுது.

படிஞ்ச முட்டை எங்க போச்சுன்னு அவரே அடுத்த வரியில கேட்டிருக்காரு, கசடுலதான். அந்தக் கசடை எருன்னு சொல்லி சல்லிசா குடுக்கிறாங்க, காய வச்சு மட்கினதான்னு பாக்காம கீரைக்கும் கிழங்குக்கும் போடாதீங்க. ராத்திரி செப்டிக் டேங்க் லாரி வந்து வயல்ல கொட்டிட்டு போறேன், சும்மா உரம்தான அண்ணேன்னு சொன்னா உள்ள விடாதீங்க, அது சுத்தமே பண்ணாத சரக்கு. திருத்தத்துக்கு நன்றி சார், அடுத்த தடவை புழு பூச்சி பத்தி எழுதுறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு போன் போட்டுக்கிறேன்.